கால் லெட்டர் முதல் கம்பெனி கேட் வரை

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்த வீட்டில் முதலில் எழும் பேச்சு உடையைப் பற்றியதாகவே இருக்கிறது. புதுச் சட்டை எடுக்க வேண்டும், ஷூ வாங்க வேண்டும் என்று அம்மா கணக்குப் போடத் தொடங்குவார். கடன் வாங்கியோ அடகு வைத்தோ திரட்டிய இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாயில் பெரும்பங்கு ஜவுளிக்கடைக்குப் போய்விடும். மிச்சம் பயணத்துக்கு. அதில் மிஞ்சினால் சாப்பாட்டுக்கு. தங்குவதற்கென்று எதுவும் இருக்காது. தென்மாவட்டங்களின் பாலிடெக்னிக்குகளிலும் கலை அறிவியல், பொறியியல் கல்லூரிகளிலும் வேலைவாய்ப்புப் பொறுப்பைப் பார்க்கும் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் பார்ப்பது இதைத்தான். இந்த வரிசையை மாற்றிப் போட வைப்பதுதான் அவர்களுடைய வேலையில் கடினமான பகுதி. முதல் நாள் இரவுத் தூக்கத்துக்கும் காலைக் குளியலுக்கும் பணம் ஒதுக்கிவிட்டு, மீதியில் உடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். புதுச் சட்டை கண்ணுக்குத் தெரிகிறது. தூங்காத இரவு, தேர்வாளர் முன் உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது.

இதைப் புரியவைக்க மூத்த பொறுப்பாசிரியர்கள் இன்றும் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து படித்த மெக்கானிக்கல் டிப்ளமோ மாணவன் ஒருவன், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையின் தேர்வுக்குப் போனான். வீட்டில் கோட்டு வரை எடுத்துக் கொடுத்திருந்தார்கள். ரயிலில் முன்பதிவு இல்லாத பெட்டியில் கழிவறை வாசலில் நின்றபடியே தாம்பரம் வந்து சேர்ந்தான். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். காத்திருப்புக் கூடத்தின் குளிர்சாதனக் காற்று பட்டதும் உட்கார்ந்த இடத்திலேயே உறங்கிவிட்டான். அவன் பெயரை இரண்டு முறை அழைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அதே தேர்வுக்கு வந்த இன்னொருவன் ஒரு நாள் முன்னதாகவே புறப்பட்டு, படப்பையில் வேலை பார்த்த ஊர்க்கார அண்ணனின் அறையில் தங்கியவன். அண்ணனின் பழைய பேன்ட்டைப் பிடித்துத் தைத்துப் போட்டிருந்தான். அவனுக்கு வேலை கிடைத்தது. கோட்டுக்குச் செலவான தொகையில் படுக்கை வசதி டிக்கெட்டும் ஒரு நாள் தங்கலும் முடிந்து, கையில் காசும் மிஞ்சியிருக்கும்.

1990-களில் இந்த ஏற்பாடுகளுக்கு அவகாசம் இருந்தது. ஆங்கில நாளேட்டின் புதன்கிழமை வேலைவாய்ப்பு இணைப்பைப் பார்த்து விண்ணப்பம் போனது. பதில் தபாலில் வந்தது. கால் லெட்டருக்கும் தேர்வு நாளுக்கும் இடையே ஒரு வாரமாவது, சில சமயம் இரண்டு வாரம் கிடைத்தது. ரயில் டிக்கெட் எடுக்கவும் தையற்காரரிடம் கொடுக்கவும் அது போதும். 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டு, பழைய மகாபலிபுரம் சாலை முழுக்கக் கட்டடங்கள் எழும்பியபின் வாக்-இன், ஆஃப் கேம்பஸ் என்ற முறைகள் பெருகின. மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் வந்தன. இப்போது மாலை ஆறு மணிக்குச் செய்தி வந்து மறுநாள் காலை பத்து மணிக்குச் சிறுசேரியில் நிற்கச் சொல்வதும் நடக்கிறது. திருநெல்வேலியில் இருப்பவனுக்கு அதற்கு இரவுப் பேருந்தையோ முன்பதிவில்லாத ரயில் பெட்டியையோ தவிர வழியில்லை. ஆகவே ஆயத்தம் அழைப்பு வந்தபின் தொடங்குவதாக இருக்கக் கூடாது. ஒரு ஜோடி உடை, ஒரு ஃபைல், ஒரு சிறு பை, ஒதுக்கி வைத்த கொஞ்சம் பணம் ஆகியவை இறுதியாண்டின் முதல் பருவத்திலேயே தயாராக இருக்க வேண்டும் என்று பொறுப்பாசிரியர்கள் வற்புறுத்துவது இதனால்தான். தேதியை ஒரு நாள் தள்ளித் தர முடியுமா என்று பணிவாகக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினால் பல நிறுவனங்கள் ஒப்புக்கொள்கின்றன என்பதும் அனுபவம். கேட்டால் வாய்ப்பே போய்விடும் என்ற பயத்தில் மாணவர்கள் கேட்பதில்லை.

பயணத்தில் முதல் முடிவு எங்கே இறங்குவது என்பது. சென்னையில் இன்டர்வியூ என்றாலே எழும்பூர் வரை டிக்கெட் எடுப்பது பழைய பழக்கம். நெல்லை, பாண்டியன் போன்ற இரவு விரைவு ரயில்கள் செங்கல்பட்டிலும் தாம்பரத்திலும் நின்றுதான் எழும்பூர் போகின்றன. மகிந்திரா சிட்டிக்குப் போகிறவர் செங்கல்பட்டில் இறங்கி, மின்சார ரயிலில் அடுத்துள்ள பரனூருக்குப் போனால் வாசலுக்கே வந்துவிட்ட மாதிரி. ஒரகடத்துக்குச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம். சிறுசேரி, கேளம்பாக்கத்துக்குத் தாம்பரத்தில் இறங்கி வண்டலூர் வழியாகப் போவது சுலபம். எழும்பூர் வரை போய்விட்டு அதே பாதையில் திரும்பி வருகிறவர் இரண்டு மணி நேரத்தையும் ஆட்டோக் காசையும் இழக்கிறார். பேருந்தில் வருவோருக்கு இந்தக் கணக்கு அண்மையில் மாறிவிட்டது. 2002 வரை பாரிமுனையில் இறங்கினார்கள், அதன்பின் கோயம்பேட்டில். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்ட பிறகு தென்மாவட்டப் பேருந்துகள் வண்டலூரை ஒட்டியே நின்றுவிடுகின்றன. அண்ணா சாலையிலோ அம்பத்தூரிலோ தேர்வு இருந்தால் அங்கிருந்து இன்னொரு நீண்ட பயணம் பாக்கியிருக்கிறது. மகிந்திரா சிட்டியிலோ பழைய மகாபலிபுரம் சாலையின் தென்கோடியிலோ தேர்வு என்றால் கிளாம்பாக்கமே வசதி. ஐந்து ஆண்டுகளுக்கு முன் வேலைக்குப் போன சீனியர் சொல்லும் வழியை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

நெல்லையிலிருந்து சென்னைக்குப் படுக்கை வசதிக் கட்டணம் நானூறு ரூபாயை ஒட்டி இருக்கிறது. முன்பதிவில்லாத டிக்கெட் அதில் பாதிக்குச் சற்று மேல். இந்த இருநூறு ரூபாய் வித்தியாசத்தை மிச்சம் பிடிப்பதைத்தான் பெரும்பாலோர் சிக்கனம் என்று நினைக்கிறார்கள். மேல் படுக்கையில் ஆறு மணி நேரம் தூங்கிய முகத்துக்கு அந்த இருநூறு ரூபாய் எவ்வளவு செய்கிறது என்பதை ஒரே ஊரிலிருந்து இரண்டு விதமாகப் போனவர்களைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் தெரியும். தட்கலில் படுக்கை வசதிக்கு முன்பதிவு முதல் நாள் காலை 11 மணிக்குத் தொடங்குகிறது. 2025 ஜூலை முதல் ஆதார் இணைத்த கணக்கு இருந்தால்தான் இணையத்தில் தட்கல் எடுக்க முடியும். அவசரத்தில் ஆதாரை இணைக்க உட்காருகிறவருக்கு இடம் கிடைக்காது.

சலுகைகளின் கதை வேறு. அரசு வேலை நேர்காணலுக்குப் போகும் வேலையில்லாத இளைஞர்களுக்கு ரயிலில் இரண்டாம் வகுப்பு இலவசமாகவும், பொதுத்துறை நிறுவன நேர்காணலுக்குப் பாதிக் கட்டணத்திலும் இருந்தது. 2020 மார்ச்சில் மாற்றுத்திறனாளிகள், நோயாளிகள், மாணவர்கள் என்ற பிரிவுகளைத் தவிர மற்ற சலுகைகளை ரயில்வே நிறுத்தியபோது இதுவும் நின்றுபோனது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு உண்மையாகவே பயன்பட்ட ஏற்பாடு அது. திரும்பக் கொண்டுவர வேண்டும். மத்திய அரசுப் பணி நேர்காணலுக்கு அழைக்கப்படும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் இரண்டாம் வகுப்பு ரயில் கட்டணம் திருப்பித் தரும் வழக்கம் உண்டு. பொதுத்துறை நிறுவனங்கள் பலவும் எல்லோருக்குமே தருகின்றன. அழைப்புக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இது இருக்கும். அந்தப் பக்கத்தைப் படிக்காமலேயே டிக்கெட்டைக் கிழித்துப் போட்டவர்கள் ஏராளம். டிக்கெட், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல் இரண்டையும் ஃபைலிலேயே வைத்துக்கொண்டால் தேர்வு முடிந்த அன்றே படிவத்தைக் கொடுத்துவிட்டு வரலாம்.

இரவு எங்கே தங்குவது என்ற கேள்விக்கு ஒரு காலத்தில் ஒரே பதில் இருந்தது: திருவல்லிக்கேணி மேன்ஷன். ஊர்க்காரர் யாராவது ஓர் அறையில் இருப்பார். கட்டிலில் இருவர், தரையில் மூவர் என்று படுத்தாலும் குளிக்கக் குழாயும் காலையில் இட்லிக்கடையும் நிச்சயம். வேலைகள் தெற்கே நகர்ந்தபின் அந்த அறைகள் வேளச்சேரி, மேடவாக்கம், ஒரகடம் என்று இடம் மாறிவிட்டன. ஒரு கல்லூரி தன் மாணவருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, ஓர் இரவு இடம் தரச் சம்மதிக்கும் முன்னாள் மாணவர்களின் பட்டியல் ஒன்றை வைத்திருப்பதுதான். ரெஸ்யூம் எழுதும் பயிற்சி வகுப்புகளைவிட இந்தப் பட்டியலால் வேலை கிடைத்தவர்கள் அதிகம். அப்படித் தங்குவதற்குச் சில ஒழுங்குகள் வேண்டும். ஒன்பது மணிக்குள் போய்ச் சேர வேண்டும். கையில் ஒரு கோவில்பட்டி கடலைமிட்டாய்ப் பொட்டலமாவது இருக்க வேண்டும். முக்கியமாக, நள்ளிரவு தாண்டிப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. ஊர்ப் பையன் வந்தால் பழைய கதை எல்லாம் கிளம்பும். பத்து மணிக்குப் படுக்க விடும்படி அறைக்காரரிடம் பொறுப்பாசிரியரே போனில் சொல்லிவிடுவதும் உண்டு: “தம்பி, அவனுக்கு நாளைக்கு இன்டர்வியூ. பேச்செல்லாம் நாளை ராத்திரிக்கு வச்சுக்கோங்கப்பா.”

அறை கிடைக்காவிட்டால் ரயில் நிலையத்தின் ஓய்வறையும் டார்மிட்டரியும் உண்டு. உறுதிசெய்யப்பட்ட டிக்கெட் இருப்பவர் சில மணி நேரத்துக்கும் இணையத்தில் பதிவு செய்யலாம். அதுவும் இல்லாவிட்டால் பெரிய நிலையங்களின் கட்டணக் குளியலறை. ஆறு மணிக்கு முன்னால் போனால் வரிசை குறைவு. பெண்களுக்கு இந்தப் பிரச்சினை இன்னும் கடினம். நள்ளிரவிலோ விடியலுக்கு முன்போ இறங்கும் பேருந்தில் தனியாக அனுப்ப வீட்டில் தயங்குவது நியாயம். விடிந்தபின் சேரும் ரயிலைத் தேர்ந்தெடுப்பதும், பெண்கள் காத்திருப்பு அறையில் குளித்து உடை மாற்றுவதும் நடைமுறையில் ஒத்துவருகின்றன. அரசின் தோழி விடுதிகளில் சில நாள் தங்கலுக்கும் இடம் தருகிறார்கள். ஊர் விட்டு ஊர் போகும் பெண்கள் பலருக்கு இது தெரியவே தெரியாது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது முதல் நாளே போய் இடத்தைப் பார்த்துவிட்டு வருவதைச் செலவில்லாத காரியமாக்கிவிட்டது.

மகளோடு அப்பா வருவது வழக்கம். அதில் கவனிக்கப்படாத ஒரு சங்கடம் இருக்கிறது. கயத்தாறு பக்கத்துப் பெண் ஒருத்தி நன்றாகத் தயாராகிப் போயிருந்தாள். உள்ளே காலை ஒன்பது மணிக்குப் போனவளை மாலை மூன்று மணிக்குத்தான் அழைத்தார்கள். அப்பா கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்கிறார், சாப்பிட்டிருக்க மாட்டார், அவருக்குச் சர்க்கரை வேறு. கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போதெல்லாம் மனம் வாசலிலேயே இருந்தது என்று வந்து சொன்னாள். அதற்குப் பிறகு அவள் கல்லூரியில் பெற்றோரோடு போகும் எல்லோருக்கும் ஒரு விஷயம் சொல்லி அனுப்பினார்கள். அப்பா எங்கே உட்காருவார், எங்கே சாப்பிடுவார், எத்தனை மணிக்கு எங்கே சந்திப்பது என்பதை உள்ளே போகும் முன் பேசி முடித்துவிட வேண்டும், அவர் சாப்பாட்டுக் காசு அவர் கையில் இருக்க வேண்டும். பதற்றத்துக்கு மருந்து தேடுகிறவர்கள் மூச்சுப் பயிற்சியைத்தான் முதலில் நினைக்கிறார்கள். பெரும்பாலான பதற்றம் இப்படி முடிக்காமல் விட்ட சின்னச் சின்ன ஏற்பாடுகளிலிருந்து வருகிறது.

இனி உடை. தேர்வாளர்கள் சட்டையின் விலையைப் பார்ப்பதில்லை. அளவையும் சுத்தத்தையும் சுருக்கத்தையும் பார்க்கிறார்கள். இளநீலம் அல்லது வெள்ளை முழுக்கைச் சட்டை, கருநீலம் அல்லது சாம்பல் பேன்ட் என்பது முப்பது ஆண்டுகளில் மாறாத ஒன்று. துணியில்தான் முடிவெடுக்க வேண்டும். சுத்தப் பருத்தி போட்ட அரை மணி நேரத்தில் கசங்கிவிடும். முழு பாலியஸ்டர் வியர்வையை வாங்காமல் உடம்போடு ஒட்டும். இரண்டும் கலந்த டெரிகாட்டன் பேருந்துப் பயணத்தைத் தாங்கும். புதிது வாங்க முடியாதவர் அண்ணனுடைய, மாமாவுடைய உடையைப் பிடித்துத் தைத்துக்கொள்வது தாராளமாகப் போதும். தோள் அளவு சரியாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் தையற்காரர் சரிசெய்துவிடுவார். தோள் இறங்கிய சட்டையை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. மதுரை புதுமண்டபத்தின் தூண்களுக்கிடையில் மிஷின் போட்டிருந்த தையற்காரர்கள் இத்தகைய வேலையில் பெயர் போனவர்கள். நைந்த காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்தால் சட்டை இன்னும் ஓர் ஆண்டு ஓடும் என்பது அந்தத் தலைமுறைக்குத் தெரியும். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரக் கட்டடத்துக்குப் போய்விட்டன. காலர் திருப்பத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

பெண்களுக்குப் புடவையா சுடிதாரா என்ற விவாதம் இன்னும் வீடுகளில் நடக்கிறது. எதில் பழக்கமோ அதுதான் சரி. வாழ்நாளில் இரண்டு முறை புடவை கட்டியவள் அன்றைக்குக் கட்டிக்கொண்டு போனால் நாள் முழுக்கக் கொசுவத்தைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள். துப்பட்டாவைப் பின் குத்தி நிறுத்திய, சத்தமில்லாத நிறத்துச் சுடிதார் எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும். தொழிற்சாலைத் தேர்வாக இருந்தால் உள்ளே சுற்றிக்காட்ட அழைத்துப் போவார்கள். அங்கே தொங்கும் துப்பட்டாவும் திறந்த செருப்பும் தடை. பையில் ஊக்கு, நாப்கின், ஊசி நூல் மூன்றும் எப்போதும் இருக்கட்டும்.

இஸ்திரி பெட்டி இல்லாத வீடுகளில் பித்தளைச் சொம்பில் கங்கு போட்டுத் தேய்த்துப் போனவர்கள் இன்று பெரிய பதவிகளில் இருக்கிறார்கள். இப்போது தெருவுக்கு ஓர் இஸ்திரி வண்டி இருக்கிறது. தேய்த்ததைச் சென்னை வரை கசங்காமல் கொண்டுபோவதுதான் பிரச்சினை. சட்டைக்குள்ளும் கைகளுக்குள்ளும் செய்தித்தாளை விரித்து மடித்து, பையின் மேற்பகுதியில் வைக்க வேண்டும். பயணத்தில் அன்றாட உடை, கடைசிப் பேருந்து நிறுத்தத்துக்கு அருகில்தான் சட்டை மாற்றம். சென்னையில் மே மாதத்துக் காலை ஒன்பது மணி வெயிலில் சிப்காட் சாலையில் ஒரு கிலோமீட்டர் நடந்தால் எந்த இஸ்திரியும் நிற்காது. மாற்றுப் பனியன் ஒன்றும் கைக்குட்டை இரண்டும் எடுத்துக்கொண்டால் பை கனத்துவிடாது. பக்கத்து பெட்ரோல் பங்க் கழிவறையில் முகம் கழுவி, சட்டை மாற்றி, நிழலில் கால் மணி நேரம் ஆறிய பிறகு கேட்டுக்குப் போனவர்கள் உள்ளே போகும்போதே வேறு ஆளாகப் போகிறார்கள். முடிவெட்டு மூன்று நாட்களுக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். முதல் நாள் முடி வெட்டிய தலை பளிச்சென்று தனியாகத் தெரியும்.

ஷூ இரவல் வாங்கலாம். ஆனால் அளவு ஒத்துப்போக வேண்டும். விடுதிகளில் ஒரு ஜோடி ஷூ நான்கைந்து பேருடைய நேர்காணலுக்குப் போய்வருவது சாதாரணம். ஒரே நாளில் ஒரே நிறுவனத்துக்கு இருவர் போகும்போது முதலில் முடித்தவர் கழிவறையில் கழற்றிக் கொடுத்ததும் நடந்திருக்கிறது. எட்டாம் எண் ஷூவின் முனையில் பஞ்சு அடைத்து ஏழாம் எண் கால் நடந்தால் நடையிலேயே தெரிந்துவிடும். சின்ன ஷூவோ அதைவிட மோசம், வலி முகத்துக்கு வந்துவிடும். எது கிடைத்தாலும் முதல் நாள் அரை மணி நேரம் போட்டு நடந்து பார்க்க வேண்டும். ஷூ கிடைக்காதவர் சுத்தமான கறுப்புத் தோல் செருப்போடு போனால் கடை, மருத்துவமனை வேலைகளில் யாரும் குறை சொன்னதாகக் கேள்வியில்லை. மென்பொருள் நிறுவனங்களும் தொழிற்சாலைகளும் ஷூவை எதிர்பார்க்கின்றன.

சான்றிதழ்களில் ஏற்பட்ட மாற்றம் பெரிது. ஒரு காலத்தில் ஒவ்வொரு நகலிலும் கெசட்டட் அதிகாரியின் பச்சை மை கையெழுத்து வேண்டும். அரசு மருத்துவரையும் தலைமையாசிரியரையும் தேடி அலைந்த பகல்களுக்குக் கணக்கில்லை. 2014-க்குப் பிறகு சுயசான்றொப்பம் பரவலானதும் அந்த அலைச்சல் ஒழிந்தது. இன்றைக்கும் நேரும் இடர்கள் வேறு. அசல் சான்றிதழை லேமினேட் செய்துவிடுகிறார்கள். பின்னால் அதில் முத்திரையோ பதிவோ இட வேண்டி வந்தால் முடியாது. பிளாஸ்டிக் உறை போதும். எல்லாம் போனில் இருக்கிறது என்று போகிறவரிடம் தொழிற்சாலை கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். தாளில் இல்லாதது உள்ளே இல்லாததுதான். பத்தாம் வகுப்பிலிருந்து வரிசையாக அசல், ஒவ்வொன்றுக்கும் நகல், தனியாகப் பின் அடித்த இரண்டு செட், நான்கு புகைப்படம், இரண்டு பேனா, வீட்டு எண்ணும் கம்பெனி முகவரியும் எழுதிய ஒரு துண்டுத்தாள். நகலெல்லாம் ஊரிலேயே எடுத்துவிட வேண்டும். கம்பெனி வாசலில் இருக்கும் செராக்ஸ் கடையில் பல மடங்கு விலை, வரிசையும் நீளம். அசல்களைக் காட்டலாம், ஒப்படைக்கக் கூடாது. வைத்துவிட்டுப் போகச் சொன்னாலும், டெபாசிட் என்றோ யூனிஃபார்ம் காசு என்றோ பணம் கேட்டாலும், அங்கிருந்தே பொறுப்பாசிரியருக்கு போன் செய்யச் சொல்லி அனுப்புவார்கள். வேலை தருகிற நிறுவனம் வேலை தேடுகிறவரிடம் பணம் வாங்காது. கடன் வாங்கி வந்த பிள்ளையிடம் அந்தக் கடைசி ஆயிரத்தையும் பறித்த இடைத்தரகர்களால் படிப்பையே வெறுத்தவர்கள் உண்டு.

முகவரியிலும் கவனம் வேண்டும். ஒரே நிறுவனத்துக்கு இருங்காட்டுக்கோட்டையில் ஒரு யூனிட், ஒரகடத்தில் ஒரு யூனிட் என்று இருக்கும். தவறான கேட்டில் எட்டரை மணிக்கு நின்ற மாணவனிடம் காவலாளி, “தம்பி, இன்டர்வியூ இங்க இல்லப்பா, அந்த யூனிட்டுல” என்று சொன்னபோது அவன் கையில் பேருந்துக்கான காசு மட்டுமே இருந்தது. இரண்டு பேருந்து மாறிப் பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தான். உள்ளே விட்டார்கள். ஆனால் எழுத்துத் தேர்வு முடிந்துவிட்டிருந்தது. யூனிட் எண், கேட் எண், யாரைக் கேட்க வேண்டும் என்ற மூன்றையும் முதல் நாளே மின்னஞ்சலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்ற வழக்கம் இப்படிப்பட்ட அனுபவங்களில் வந்தது. ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய் தனியாக, எதற்கும் தொடாமல், சட்டைப் பையில் இருக்க வேண்டும் என்பதும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முந்தின இரவு பரோட்டா வேண்டாம். காலையில் இட்லி, அல்லது வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிசாதம் கொஞ்சம். 2013-இல் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து ரூபாய். மாநகராட்சி எல்லைக்குள் தேர்வு என்றால் அது நல்ல துணை. தொழிற்பேட்டைகளில் அது கிடையாது. அங்கே மதியம் வரை காக்க வைப்பார்கள் என்று கணக்கிட்டு வாழைப்பழம், கடலைமிட்டாய், ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். குறிப்பாகப் பெண்கள், கழிவறைக்கு அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் இருப்பது மிகவும் தவறு. வாய் உலர்ந்தால் குரல் உடைகிறது. குரல் உடைந்ததைக் கேட்டு பயம் கூடுகிறது.

காத்திருப்புக் கூடம்தான் ஆயத்தம் எல்லாவற்றையும் சோதிக்கும் இடம். உள்ளே போய்வந்தவரைச் சுற்றிக்கொண்டு “என்ன கேட்டாங்க?” என்று விசாரிக்கும் கூட்டத்தில் சேர்ந்தால், தனக்கு வராத கேள்விக்கெல்லாம் மனம் பதில் தேடத் தொடங்கும். சற்றுத் தள்ளி உட்கார்ந்து, மூச்சை வாங்குவதைவிட விடுவதை நிதானமாக்கினால் நெஞ்சுத் துடிப்பு அடங்கும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. இரவெல்லாம் பயணம், காலையில் தனிமை என்று பன்னிரண்டு மணி நேரம் யாரோடும் பேசாமல் வந்தவருடைய முதல் பேச்சு தேர்வாளர் முன்தான் என்றால் தொண்டை ஒத்துழைக்காது. அதற்கு முன் வீட்டுக்கு ஒரு போன், பக்கத்தில் இருப்பவரிடம் ஊர் விசாரிப்பு, வாசல் காவலாளிக்கு ஒரு வணக்கம் என்று குரலைப் பழக்கிவிட வேண்டும். மனப்பாடம் செய்த ஆங்கில அறிமுகம் இரண்டாவது வாக்கியத்தில் உடைவதை எல்லாப் பொறுப்பாசிரியரும் மாதிரி நேர்காணல்களில் பார்த்திருக்கிறார்கள். தான் கையால் செய்த ஒரு வேலையை, லேத்தில் கடைந்த பாகமோ கடைசி ஆண்டு ப்ராஜெக்டோ, முதலில் தமிழில் விளக்கிப் பழகி, பிறகு அதையே எளிய ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தவர்களுக்கு இந்த உடைசல் வருவதில்லை. தொழிற்சாலைத் தேர்வுகளில் பாதியிலேயே தேர்வாளர் தமிழுக்கு வந்துவிடுவதும் உண்டு.

2020-க்குப் பிறகு முதல் சுற்று வீடியோவுக்கு மாறியது. பயணச் செலவு போனது. ஆனால் ஒரு ஓட்டு வீட்டுக்குள் அமைதியான அறையும் நிலையான சிக்னலும் தேடுவது வேறொரு சுமையானது. தென்காசி வட்டாரத்து மாணவி ஒருத்திக்கு நேர்காணலும் ஊர்க் கோவில் கொடையும் ஒரே நாளில் அமைந்தன. குழாய் ஸ்பீக்கர் தெருவுக்கு நான்கு. முதல் நாளே போய்ப் பார்த்து, மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு தோட்டத்து மோட்டார் அறையில் சிக்னல் இருப்பதைக் கண்டு, அங்கே வெள்ளை வேட்டியைப் பின்னால் கட்டி, செங்கல்லை அடுக்கி போனை நிறுத்திப் பேசினாள். தோட்டக்காரரிடம் அந்த ஒரு மணி நேரம் மோட்டார் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அவளுக்கு வேலை கிடைத்தது. வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும், போன் கண் மட்டத்தில் நிற்க வேண்டும், அன்றைய டேட்டாவை முதல் நாள் இரவே படம் பார்த்துத் தீர்த்துவிடக் கூடாது. உதவிக்கு இன்னொரு போனில் ஹாட்ஸ்பாட் தயாராக இருந்தால் பாதி பயம் போய்விடும்.

நேர்காணல் முடிந்ததும் திரும்பும் டிக்கெட்டுக்கான காசு பத்திரமாக இருக்கிறதா என்பது முதல் கேள்வி. தேர்வு மாலை வரை நீண்டு, முன்பதிவு செய்த ரயிலைத் தவறவிட்டவர்கள் பலர். ஆகவே திரும்புவதற்குப் பகல் டிக்கெட் எடுக்கக் கூடாது. அன்றிரவே, நினைவு மங்கும் முன், எந்த கேட், எத்தனை மணிக்கு அழைத்தார்கள், என்ன கேட்டார்கள், பக்கத்தில் சாப்பாடு எங்கே என்று எழுதிக் கொடுத்தால் அடுத்துப் போகிறவருக்கு அது காசாகிறது. முன்பு இதற்காக வேலைவாய்ப்பு அறையில் ஒரு நீளநோட்டு இருந்தது. இப்போது வாட்ஸப் குழு.

வேலை கிடைத்தவருக்கு இதே கணக்கு இன்னொரு முறை, கொஞ்சம் பெரிய தொகையில் வருகிறது. அறைக்கு அட்வான்ஸ், முதல் சம்பளம் வரும்வரை சாப்பாடு, சேரும் நாளில் மருத்துவப் பரிசோதனை. கம்பெனி பஸ் எந்த வழியில் வருகிறது, கேன்டீனில் எத்தனை வேளை உணவு, விடுதி உண்டா, சம்பளம் எந்தத் தேதியில் என்று தேர்வின் முடிவில் எச்.ஆரிடம் கேட்பதில் தவறில்லை. ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா என்று அவர்களே கடைசியில் கேட்பார்கள். பஸ்ஸும் கேன்டீனும் உள்ள தொழிற்சாலையில் முதல் மாதச் செலவு பாதியாகக் குறையும். பஸ் வரும் வழியை அறிந்துகொண்டு அதை ஒட்டி அறை பிடித்தவர்கள் முதல் மாதமே வீட்டுக்குப் பணம் அனுப்பியிருக்கிறார்கள்.